400 அடி

போன மாதம் ஒரு திரைப்படக் கல்லூரியில் இறுதியாண்டு டிப்ளமோ படங்களைப் பார்க்க உட்கார்ந்திருந்தேன். அங்கே வாரம் ஒரு நாள் ஒளிப்பதிவு வகுப்பு எடுக்கிறேன். ஒரு மாணவி தன் படத்தின் எடிட்டிங்கை முடிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். படம் 12 நிமிடம். எடுத்து வைத்திருந்தது 14 மணி நேரம். அடுப்படியில் ஓர் அம்மா பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரே ஷாட்டுக்கு மட்டும் 43 டேக்.

"எது நல்லா இருக்குன்னு எனக்கே தெரியல சார். பாக்கப் பாக்க எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். எட்டாவது டேக்கிலேயே அந்த ஷாட் வந்துவிட்டது. அந்த அம்மா கரண்டியை எடுக்கக் கை நீட்டி, எடுக்காமல் நிறுத்திவிடுகிறார். அவ்வளவு அழகு. அதற்குப் பிறகு 35 முறை அந்த நடிகையைத் திரும்பத் திரும்ப நிற்க வைத்திருக்கிறார்கள். எட்டாவது டேக் முடிந்த நொடியில் "இது போதும்" என்று அந்த மாணவிக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றாமல் போனதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நாங்கள் சம்பளம் வாங்குகிறோம். நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் டிப்ளமோ படம் எடுத்தது 2001ல், 35 எம்எம் பிலிமில். எனக்குக் கிடைத்தது 400 அடி ரோல் பத்து. மொத்தம் 4,000 அடி. 35 எம்எம்மில் ஓர் அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. கணக்குப் போட்டால் ஒரு 400 அடி ரோல் 4 நிமிடம் 26 நொடி. பத்து ரோலும் சேர்ந்து முக்கால் மணி நேரத்துக்கும் அரை நிமிடம் குறைவு. அதற்குள் பத்து நிமிடப் படம் ஒன்றை எடுத்து முடிக்க வேண்டும். ஒரு ரோல் நெகட்டிவின் விலை அப்போது எங்கள் வீட்டு மாத வாடகையைவிட அதிகம். இந்தக் கணக்கு தூக்கத்திலும் தலைக்குள் ஓடும்.

அதனால் என்ன செய்தோம்? படம் எடுக்காத நேரத்தில்தான் எல்லாவற்றையும் செய்தோம். லொகேஷனுக்கு நாலு நாள் முன்னாலேயே போய், காலை எட்டு மணி வெயில் எந்த ஜன்னல் வழியாக விழுகிறது, பத்தரைக்கு எங்கே நகர்கிறது என்று சுவரில் சாக்பீஸால் குறித்தோம். ரோல் போடாத கேமராவை வைத்துக்கொண்டு நடிகர்களோடு ஒத்திகை பார்த்தோம். ஆரி 2சி கேமரா ஓடினால் தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தம் ஆரம்பித்ததும் செட்டில் ஒருவர்கூட மூச்சுவிட மாட்டார். லென்ஸ் வழியாகப் பார்ப்பது ஒருவர் மட்டும்தான். மற்றவர்கள் நடிகரின் முகத்தை நேராகப் பார்ப்பார்கள். டேக் எப்படி வந்தது என்று எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும், ஏனென்றால் எல்லோரும் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

கேமராமேனுக்கு இன்னொரு பாரமும் உண்டு. என்ன பதிவாகிறது என்பது அவருக்கே தெரியாது. லைட் மீட்டரை நடிகரின் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு எண்ணைப் படிக்கிறோம். நிழலில் இன்னொரு எண். ஜன்னலுக்கு வெளியே இன்னொன்று. இந்த மூன்றையும் வைத்துத் திரையில் எப்படித் தெரியும் என்று மனதுக்குள் ஒரு படம் வரைந்துகொள்ள வேண்டும். லேபில் கழுவி, எடுத்ததை முதன்முதலாகத் திரையில் காட்டும் ரஷ் போட்டுப் பார்க்கும்வரை அந்த மனப்படம்தான் கதி.

என் படத்தில் ஒரு முழு ரோல் கெட்டது. மஞ்சள் விளக்கு வெளிச்சத்துக்காகச் செய்த டங்ஸ்டன் நெகட்டிவைப் பகல் வெளிச்சத்தில் எடுத்தேன். அதற்கு லென்ஸுக்கு முன்னால் 85 என்ற ஆரஞ்சு நிற பில்டர் போட வேண்டும். போட்டேன். பில்டர் குடிக்கிற வெளிச்சத்துக்கு ஈடாக, லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரமான ஐரிஸைத் திறந்துவிட வேண்டும். மறந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து ரஷ்ஷில் முகங்கள் எல்லாம் சேறு பூசிய மாதிரி இருந்தன. என் ஆசிரியர் திட்டவில்லை. நெகட்டிவை லைட் டேபிளில் விரித்து, விரலால் ஒவ்வொரு பிரேமாகக் காட்டி, "பாரு, எவ்வளவு மெலிசா இருக்கு, இதுல நிழலே இல்ல" என்றார். 24 வருடம் ஆகிறது. இன்றைக்கும் லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை வைத்தால் என் கை தானாக ஐரிஸுக்குப் போகிறது.

இதைப் படித்துவிட்டு, பிலிம் காலத்தை நினைத்து ஏங்குகிறேன் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அந்தக் காலம் திரும்பி வரக் கூடாது. என்னோடு படிக்க ஆசைப்பட்டு, செலவை நினைத்து ஊருக்கே திரும்பிப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவரின் கண் என்னுடையதைவிட நல்ல கண். 2008ல் கேனான் 5டி மார்க் 2 வந்த பிறகுதான் வாசல் திறந்தது. போட்டோ எடுக்கும் கேமராவிலேயே பெரிய சென்சாரோடு வீடியோ எடுக்க முடிந்தது. தொலைக்காட்சியின் குறும்பட மேடைகளில் இருந்து கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி என்று ஒரு தலைமுறையே சினிமாவுக்குள் வந்தது. பிலிம் ரோல் வாங்கித்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றிருந்தால் அவர்களில் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

பெரியவர்களும் பயப்படவில்லை. பி.சி.ஸ்ரீராம் 2004லேயே ‘வானம் வசப்படும்’ படத்தை டிஜிட்டலில் எடுத்தார். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து, தன் வாழ்நாள் முழுக்கப் பிலிமில் வெளிச்சம் எழுதிய பாலுமகேந்திரா, 2013ல் தன் கடைசிப் படத்தை டிஜிட்டலில்தான் எடுத்தார். சென்னையில் ஒரு சினிமாப் பட்டறையையும் நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணும் அந்த மீட்டர் கையும் அப்படியே இருந்தன. கேமராவுக்குள் ஓடியது மட்டும் வேறு.

எனக்கு வருத்தம் கல்லூரிகள் இந்த மாற்றத்தைச் சந்தித்த விதத்தில்தான்.

மாற்றம் வேகமாக வந்தது, ஒப்புக்கொள்கிறேன். 2010ல் ஆரி அலெக்சா என்ற டிஜிட்டல் சினிமா கேமரா வந்தது. அடுத்த வருடமே பெரிய கம்பெனிகள் புதிய பிலிம் கேமரா செய்வதை நிறுத்திவிட்டன என்று செய்தி வந்தது. 2012 ஜனவரியில் கோடக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. 2013ல் ஃபியூஜி சினிமா நெகட்டிவ் தயாரிப்பையே விட்டது. சென்னையில் லேப்கள் ஒவ்வொன்றாகக் கழுவும் மெஷினை நிறுத்தின. ஊட்டியில் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் செய்துகொண்டிருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அதற்கு முன்பிருந்தே நலிந்து, மூடும் நிலைக்கு வந்துவிட்டது. நாங்கள் முதலாமாண்டில் ஸ்டில் போட்டோகிராபி பழகியது அந்த ‘இந்து’ ரோலில்தான்.

கல்லூரிகள் என்ன செய்தன? புதுக் கேமரா வாங்கின. விளம்பரப் புத்தகத்தில் கேமராவின் படத்தைப் போட்டன. பாடத்திட்டத்தில் "பிலிம் லோடிங்" இருந்த இடத்தில் கேமரா மெனுவும், டிஜிட்டல் பதிவையும் நிறத்தையும் கையாளும் லாக், லட், கோடெக்கும் வந்தன. இவையெல்லாம் தேவைதான், நானும் எடுக்கிறேன். ஆனால் மூன்று வருடப் படிப்பு முடிவதற்குள் அந்த மெனு பழையதாகிவிடுகிறது. பிலிமோடு சேர்ந்து இன்னொன்றும் வெளியே போனதை யாரும் கவனிக்கவில்லை. தேர்ந்தெடுப்பது, காத்திருப்பது, மனதில் பார்ப்பது ஆகிய மூன்றையும் எங்களுக்கு எந்த ஆசிரியரும் தனியாக நடத்தவில்லை. பிலிமின் விலையும் லேபின் தாமதமும் நடத்தின. பிலிம் என்ற அந்த ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருடைய வகுப்புகளை யார் எடுப்பது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

மானிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய மாணவர்கள் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே லைட் போடுகிறார்கள். விளக்கை நகர்த்து, பார், இன்னும் நகர்த்து, பார். ஏதோ ஒரு இடத்தில் நன்றாக இருக்கும். ஏன் நன்றாக இருந்தது என்று கேட்டால் பதில் வராது, அடுத்த நாள் அதையே திரும்பக் கொண்டுவரவும் முடியாது. நெகட்டிவில் நாங்கள் நிழலுக்குப் பயந்தோம். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் நெகட்டிவ் தாங்கும், குறைந்தால் நிழலுக்குள் ஒன்றுமே மிஞ்சாது. டிஜிட்டலில் பயம் தலைகீழ். வெளிச்சம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஜன்னலும் வானமும் வெள்ளைத் தாளாகிவிடும், எடுத்த பிறகு நிறத்தைச் சரிசெய்யும் எந்த கிரேடிங்கிலும் மீட்க முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிய வைக்கவே மீட்டர் வேண்டும். நான் போகும் இடங்களில் மீட்டர்கள் பீரோவுக்குள், பேட்டரி கசிந்து கிடக்கின்றன.

மூன்று வருடமாக ஒரு பயிற்சி தருகிறேன். பெயர் "400 அடி". டிஜிட்டல் கேமராதான். ஆனால் மொத்தமே 4 நிமிடம் 26 நொடிதான் ஓட்டலாம். மானிட்டரைக் கறுப்புத் துணியால் மூடிவிடுவோம். வியூஃபைண்டரில் ஒளிப்பதிவு மாணவர் மட்டும் பார்க்கலாம். வெளிச்சத்துக்கு மீட்டர் மட்டும். பிளேபேக் கிடையாது. கார்டு என் பைக்குள் மூன்று நாள் இருக்கும். ஒவ்வொரு டேக்கும் எத்தனை நொடி, ஐரிஸ் என்ன அளவில் (ஸ்டாப்) இருந்தது, எது ஓகே என்று கையால் எழுதித் தர வேண்டும். ஓகே போட்டதை அப்புறம் மாற்ற முடியாது.

முதல் நாள் முனகுவார்கள். சக ஆசிரியர் ஒருவரே, "இல்லாத கஷ்டத்தை எதுக்குச் செயற்கையா உண்டாக்குறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தாளம் போட்டுக்கொடுக்க மெஷின் வந்துவிட்டது, ஆனாலும் பாட்டு வாத்தியார் குழந்தையைத் தொடையில் தட்டி எண்ணச் சொல்கிறார் அல்லவா, அதற்காகத்தான் என்றேன். தாளம் உடம்புக்குள் போன பிறகு கையை விட்டுவிடலாம்.

பயிற்சி நாளில் நடப்பதைப் பார்க்க வேண்டும். காலை முழுக்க ஒரு நொடிகூட ஓட்ட மாட்டார்கள். நடந்து பார்ப்பார்கள், சண்டை போடுவார்கள், ஷாட்டைக் குறைப்பார்கள். மதியத்துக்கு மேல் கேமரா ஓட ஆரம்பித்ததும் அந்த அறையில் ஒரு அமைதி வரும். எனக்கு அந்த அமைதி நன்றாகத் தெரியும். போன வருடம் நடிக்க வந்த ஒரு நாடகக் கலைஞர், "இன்னைக்குத்தான் தம்பி எல்லாரும் என்னையப் பாத்தீங்க" என்றார். மூன்று நாள் கழித்துத் திரையில் போடும்போது பாதிப் பேருக்கு வெளிச்சம் தவறியிருக்கும். பரவாயில்லை. எங்கே தவறியது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும், கையில் எழுதிய தாள் இருக்கிறதே.

பால் பொங்கும் ஷாட்டை எடுத்த மாணவிக்கு இந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. அந்த வருடம் நேரம் ஒதுக்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அவர் கதை அங்கே முடியவில்லை. எட்டாவது டேக்கை வைத்துப் படத்தை முடித்தார். நன்றாக வந்தது. ஒலி வேலைக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள் ஹார்ட் டிஸ்க் ஓடவில்லை. இரண்டு பிரதி வைத்திருந்தார், இரண்டும் ஒரே டிஸ்க்கில் இரண்டு ஃபோல்டர். சின்ன அளவில் போனுக்கு அனுப்பிய ஒரு கோப்பு மட்டும் மிச்சம். குறைந்தது மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். இது உலகமெங்கும் தெரிந்த பாலபாடம். நான் பாடம் எடுக்கப் போன எந்த இடத்திலும் இது பாடத்திட்டத்தில் இல்லை.

முதல் தமிழ் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931ல் வந்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அப்போது பிலிமைப் பாதுகாக்கத் தெரியவில்லை, வசதியும் இல்லை. இப்போது வசதி இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆஸ்கர் விருது வழங்கும் அமெரிக்க அகாடமி 2007ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. ஒரு படத்தைப் பிலிமாகப் பாதுகாக்க ஆண்டுக்கு 1,059 டாலர், 4கே டிஜிட்டலாகப் பாதுகாக்க 12,514 டாலர் ஆகும் என்றது. அதற்குப் பிறகு டிஸ்க் விலை இறங்கியிருக்கிறது. ஆனால் சில வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கோ டேப்புக்கோ மாற்றி, சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்கிற வேலை குறையவில்லை. பிலிம் பெட்டி அலமாரியில் சும்மா கிடந்தாலும் பல காலம் பிழைத்துக் கிடந்தது. டிஸ்க்கை யாராவது நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒளிப்பதிவு படிக்கும் ஒவ்வொருவருக்கும் இதை ஒரு முழுத் தாளாக வைத்துப் பரீட்சை எழுத வைக்க வேண்டும் என்று கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். உங்களில் யாராவது கல்லூரியில் பாடம் எடுப்பவராக இருந்தால் நீங்களும் கேளுங்கள்.

என் டிப்ளமோ படத்தின் நெகட்டிவ் பரணில் இருந்தது. அதைக் கழுவிய லேப் மூடும்போது போய் வாங்கி வந்தேன். போன வாரம் இறக்கிப் பெட்டியைத் திறந்ததும் காடி வாடை. அசிடேட் பிலிம் கெடத் தொடங்கினால் வருகிற வாடை அது. நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அது வேகமாகப் பரவும். இன்னும் சுருங்கவில்லை, பிரேம்கள் தெளிவாக இருக்கின்றன. மெலிசான அந்த ரோலும் இருக்கிறது.

வரும் செவ்வாய்க்கிழமை அதை ஸ்கேன் செய்யக் கொண்டுபோகிறேன். அந்த மாணவியிடம் சொன்னேன். "நானும் வரலாமா சார்? நான் நெகட்டிவத் தொட்டுப் பாத்ததே இல்ல" என்றார். பருத்திக் கையுறை இரண்டு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன்.