மத்தியமத்தை எங்கே தொலைத்தீர்கள்?

அன்பிளக்டு, அதாவது பெரிய வாத்தியக்குழு இல்லாமல் எளிமையாக வாசிப்பது, என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அப்புறம் பாட்டை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

நேற்று மதுரையில் மாமா பெண்ணுக்கு ரிசப்ஷன். கத்தரி வெயில். மண்டபத்தில் ஏசி பாதிதான் வேலை செய்தது, வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மேடைக்குப் பக்கத்தில் ஒரு கிதார், ஒரு கீபோர்டு, உட்கார்ந்துகொண்டே தட்டுகிற மரப்பெட்டி ஒன்று, பாடுவதற்கு ஒரு தம்பி. அவர் மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "அடுத்து ஒரு சம்மர் ஸ்பெஷல், எங்க ஸ்டைல்ல" என்றார். ஆரம்பித்த பாட்டு 'தூங்காத விழிகள் ரெண்டு'.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தப் பாட்டு இருக்கும் 'அக்னி நட்சத்திரம்' படம் வந்தது 1988 ஏப்ரலில். எனக்குப் பத்து வயது, பள்ளி விடுமுறை, சோழவந்தானில் அம்மாச்சி வீடு. டேப் ரெக்கார்டரில் அந்த ஒரே கேசட் மாற்றி மாற்றி ஓடும். வெயில் தாழ்ந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, மண் வாசனை எழும்புகிற நேரத்தில் ஜேசுதாஸும் ஜானகியும் இந்தப் பாட்டைப் பாடுவார்கள். அதனால் முதல் வார்த்தை காதில் விழுந்ததுமே கையில் இருந்த ரோஸ்மில்க்கை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மத்தியமம், அதாவது ச ரி க ம-வில் வரும் அந்த ம, வரவேண்டிய இடம் வந்தது. வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

சரி, ஒருமுறை தவறிவிட்டது, பதற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த முறையும் அதேதான். மூன்றாவது முறையும். அப்போதுதான் கிதாரைக் கவனித்தேன். சி, எஃப், ஜி. சி, எஃப், ஜி. கிதார் கற்றுக்கொள்ளும் எல்லோரும் முதல் மாதத்தில் பழகுகிற அந்த மூன்று கார்டுகளை, அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்கவிடும் கூட்டுகளை, போட்டுச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

இந்தப் பாட்டு அமிர்தவர்ஷினி ராகம். ஐந்தே சுரம்: ச க ம ப நி. அதில் மத்தியமம் பிரதி மத்தியமம், இரண்டு ம-வில் மேலே இருப்பது. சி-யை ச என்று வைத்துக்கொண்டால் அது எஃப் ஷார்ப். அந்த ராகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நீங்கள் கீழே எஃப் கார்டைப் போட்டு அழுத்தினால் பாடுகிறவர் என்ன செய்வார், பாவம்? அரைச்சுரம் இறங்கி, கீழே இருக்கிற ம-வான சுத்த மத்தியமத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். பிரதி மத்தியமத்தை எடுத்துவிட்டுச் சுத்த மத்தியமத்தை வைத்தால் அது கம்பீரநாட்டை. கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிக்கிற ராகம்! இரண்டு பேர் தூக்கமில்லாமல் ஒருவரை ஒருவர் நினைத்துத் தவிக்கிற பாட்டில் சப்பரம் கிளம்பிவிட்டது. அதுவாவது முழுசாக வந்ததா? எஃப் கார்டில் தைவதம் (த) இருக்கிறது, ஜி கார்டில் ரிஷபம் (ரி) இருக்கிறது. இந்த ராகத்தில் இரண்டுக்குமே இடம் கிடையாது. ஐந்து சுரத்தோடு இருந்த வீட்டில் அழையாத இரண்டு பேரை உள்ளே விட்டு, வீட்டுக்காரரை வெளியே தள்ளிவிட்டார்கள்.

இதில் பாதி வேகம் வேறு. ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு மூச்சு விடும் சத்தம். "விழிகள்" என்ற சொல்லில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. வாலி எழுதிய தமிழ் அது.

பக்கத்தில் சித்தப்பா பையன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான். "டேய், தப்பாப் பாடுறாங்கடா" என்றேன்.

"அண்ணே, வைப் மட்டும் பாருங்கண்ணே. செம சில்லா இருக்குல்ல?"

சில்லென்று இருக்கிறதாம்! அமிர்தவர்ஷினி மழையின் ராகம். எட்டயபுரத்துப் பக்கம் நிலம் காய்ந்து கிடந்ததைப் பார்த்து முத்துசுவாமி தீட்சிதர் 'ஆனந்தாமிர்தகர்ஷிணி' பாடினார், மழை கொட்டியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த ராகத்தை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. படத்தின் பெயர் அக்னி நட்சத்திரம், வருஷத்திலேயே கொடுமையான வெயில் நாட்களின் பெயர். அந்தப் படத்துக்குள் இளையராஜா மழையின் ராகத்தைக் கொண்டுவந்து வைத்தார். சில்லென்று இருப்பது அதுதான். நீங்கள் அந்த ஒரு சுரத்தைப் பிடுங்கிப் போட்ட பிறகு அங்கே மிச்சம் என்ன இருக்கிறது?

பாட்டு முடிந்ததும் கைதட்டல். இடைவேளையில் நேராகக் கிதார் வாசித்தவரிடம் போனேன். சண்டைக்கு இல்லை, மரியாதையாகத்தான் கேட்டேன். "தம்பி, அந்த மத்தியமம் மாறுதே, தெரிஞ்சுதான் மாத்துனீங்களா?"

அவர் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தி, "ரெண்டும் பக்கத்துப் பக்கத்து நோட்டுதான சார், யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

யாருக்குத் தெரியப்போகுது. ராத்திரி முழுக்க இந்த வார்த்தைதான் என்னைத் தின்றது. எங்களுக்குத் தெரியும் தம்பி. ஸ்வரம் பெயர் தெரியாத என் அம்மாவுக்குக்கூடத் தெரியும். பாட்டு ஓடும்போதே அவர் என் பக்கம் திரும்பி, "இது அந்தப் பாட்டு மாதிரியே இல்லையேப்பா" என்றார். இத்தனை வருஷம் கேட்ட காதுக்கு அது தெரியும்.

என் மேல் உடனே ஒரு குற்றச்சாட்டு வரும். பந்திக்கு வரிசையில் நிற்கும்போது சித்தப்பா பையனே சொன்னான்: "நீங்க பழைய ஆளுண்ணே, எதையும் மாத்தவே கூடாதும்பீங்க." எவ்வளவு தவறு! அதே கேசட்டில் 'நின்னுக்கோரி வர்ணம்' இருக்கிறது. பூச்சி சீனிவாச ஐயங்கார் மோகன ராகத்தில் செய்த வர்ணம் என்கிற கர்நாடக உருப்படியின் தொடக்கத்தை எடுத்து, டிரம்ஸும் சின்தசைசரும் வைத்து ஆட வைத்தார் இளையராஜா. சித்ரா பாடினார். வேகம் மாறியது, வாத்தியம் மாறியது, இடமே மாறியது. மோகனம் மாறவில்லை. மாற்றுவது என்றால் அப்படி மாற்றுங்கள், நான் எழுந்து நின்று கைதட்டுகிறேன்.

அவன் விடவில்லை. "சம்மர் ஆல்பம்னா 'அலைபாயுதே'தாண்ணே" என்றான். அந்தப் படம் 2000 ஏப்ரலில் வந்தது, பாட்டுகளை நானும் தேயத் தேயக் கேட்டிருக்கிறேன். ஸ்வர்ணலதா பாடிய 'எவனோ ஒருவன்' எந்த மாதத்தில் கேட்டாலும் தொண்டை அடைக்கும். ஆனால் கோடைக்கு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் எனக்கு 1988தான். ஆறே பாட்டு. ஒவ்வொன்றிலும் வெயிலோ, வெயிலில் ஏங்கவைக்கிற தண்ணீரோ இருக்கிறது. 'ஒரு பூங்காவனம்' கேட்டால் நடுப்பகலில் கிணற்றில் குதித்த மாதிரி இருக்கும். இதை வரிசையில் நின்றுகொண்டே அவனுக்கு விளக்கினேன். அவன் ஃபோனில் சற்றுமுன் அந்தத் தம்பி பாடியதை ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

எங்கே போனாலும் இதே கதைதான். போன மாதம் ஒரு வளைகாப்பில் 'சின்னத் தாயவள்' பாடினார்கள். 'தளபதி' படத்தில் அது பெற்ற பிள்ளையை விட்டுவிட்ட தாயின் பாட்டு. வயிற்றுப் பிள்ளையோடு, கை நிறைய வளையலோடு அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், எதிரில் இதைப் பாடுகிறார்கள். "தாய்னு வருதுல்ல, பொருத்தமா இருக்கும்" என்றாராம் ஏற்பாடு செய்தவர். இன்னொரு கல்யாணத்தில் 'கண்ணே கலைமானே'வுக்கு டிஜே பீட் போட்டு ஆடினார்கள். கண்ணதாசன் சினிமாவுக்குக் கடைசியாக எழுதிய பாட்டு, ஒரு குழந்தை மனசைத் தூங்கவைக்கிற பாட்டு. மூன்று நிமிஷம் ஒதுக்கி, என்ன பாட்டு, யாருக்காகப் பாடியது என்று பார்க்க முடியாதவர்கள் எதற்காக மேடை ஏறுகிறார்கள்?

இந்தக் கோபத்தோடு பந்தியில் போய் உட்கார்ந்தேன். சாம்பார் சாதம் பாதி இறங்கியிருக்கும், நாற்காலி லேசாக ஆடியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவர் இரண்டு கையாலும் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இலையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். நான் ரசத்துக்குக் குழி பறிக்கிறேன், அவர் ஒரு கையை எடுத்துத் துண்டை என் நாற்காலி முதுகில் போடுகிறார். இன்னும் ரசம் வரவில்லை ஐயா. மோர் வரவில்லை. பாயசம் வாளி அந்தக் கடைசி இலையில் இப்போதுதான் திரும்புகிறது. மனுஷன் சாப்பிடும்போது முதுகுக்குப் பின்னால் நிற்காதீர்கள்!