ஊளை என்று சொன்ன அண்ணனுக்கு

தமிழ் வகுப்பில் டீச்சர் காட்டிய படத்தைப் பற்றி நிர்வாகத்து அண்ணன் ஒருவர் புகார் பேசி அனுப்பிய அந்தக் குரல்பதிவைக் கேட்காதவர் டர்பனில் இனி யாரும் இருக்க முடியாது. எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள், நான்கு பேரும் "தப்பாக நினைக்காதீர்கள் டீச்சர்" என்ற முன்னுரையோடு. ஆகவே எந்த மண்டபம், எந்தச் சனிக்கிழமை என்றெல்லாம் விளக்கப் போவதில்லை. தமிழ் வகுப்பில் "வெள்ளைக்காரன் ஊளையிடும் படம்" காட்டிய டீச்சர் நான்தான்.

படத்தின் பெயர் 'தி ஆடிஷன்'. ஓபரா என்பது கதையைப் பாட்டாகவே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா நிறுவனம் 2007இல் நடத்திய இளம் பாடகர் போட்டியைப் பற்றிய ஆவணப்படம் இது. இறுதிச் சுற்றில் 11 பேர், வெல்பவர்கள் 6 பேர். அதில் ஒரு பையன் பிரெஞ்சுப் பாட்டொன்றைத் தேர்ந்தெடுக்கிறான். குரல் ஒன்பது முறை உச்சிக்கு ஏற வேண்டும். ஒன்றில் பிசகினாலும் அரங்கமே பார்க்கும். நம் ஐஸ்டெட்ஃபாட்டுக்கு, அதாவது பிள்ளைகள் மேடையேறும் கலைப் போட்டிக்கு, இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. மேடையேறினால் நாக்கு ஒட்டிக்கொள்கிற என் பிள்ளைகள் அந்தப் பையனைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். வென்றவர்களில் ரயன் ஸ்மித் என்ற இளைஞர் அடுத்த ஆண்டே புற்றுநோயில் இறந்துபோனார். அதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை. அண்ணன் அப்போது வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அவருடைய புகார் ஊளை பற்றி மட்டுமல்ல. "புரியாத பாஷையில் பாடுவதைப் பார்த்து நம் பிள்ளைகளுக்கு என்ன வரப்போகிறது?" என்கிறார். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நான் அன்றிரவு தூங்கவில்லை.

புரியாத பாஷையா? நம் பிள்ளைகள் தேவாரத்தை எதில் படிக்கிறார்கள் அண்ணா? ஆங்கில எழுத்தில். நான் படித்ததும் அப்படித்தான், நீங்கள் படித்ததும் அப்படித்தான். ஓபரா பாடுகிறவர்கள் பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு அயல்மொழிச் சொல்லுக்கு மேலும் அதன் பொருளைப் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள். உச்சரிப்புக்கென்றே தனி ஆசிரியர் உண்டு. நாம் என்ன எழுதிக்கொடுத்தோம்? வரியை எழுதினோம், பொருளை எழுதவில்லை. நான் அந்தப் படத்தில் காட்ட விரும்பியது அதைத்தான். பொருள் தெரிந்து பாடுவதை.

எனக்குப் பத்து வயது. 'தோடுடைய செவியன்' பாடினேன். தாளில் ஆங்கில எழுத்தில் இருந்ததால் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே இருக்கும். 'தொடு' என்று நினைத்துக்கொண்டேன். செவியனைச் சிவன் என்றே நினைத்தேன். சிவனைத் தொடும் பாட்டு என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, உருகி உருகிப் பாடினேன். இரண்டாம் பரிசு கொடுத்தார்கள்! நடுவர் மூவரில் ஒருவர்கூட என்ன பாடினாய் என்று கேட்கவில்லை. இருபத்தேழு வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தபோதுதான் அது காதில் போடும் தோடு என்று தெரிந்தது. என் ஆயாவின் காது தோள்வரை தொங்கும். அந்தக் காதுக்குப் பக்கத்தில் படுத்துத்தான் தினமும் பாடிப் பழகினேன். ஆயா போய்ச் சேர்ந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது.

சரி, அதை விடுங்கள்.

"ஓபரா வெள்ளைக்காரர் சொத்து" என்று கீழே எழுத விரல் துடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டா இதைச் சொல்கிறீர்கள்? கேப் டவுனில் இயோன் என்ற கலைக்குழு 1956இல் 'லா டிராவியாட்டா' என்ற இத்தாலிய ஓபராவை மேடையேற்றியது. பகலில் வேலைக்குப் போய்வந்த கலப்பினத்தவர்கள், இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்கள் பலர், இத்தாலியத்தைக் காதால் கேட்டே பாடம் செய்தார்கள். 1971இல் அதே ஊரில் நிக்கோ மலான் அரங்கம் திறந்தபோது அது வெள்ளையருக்கு மட்டும். நம் நாட்டு ஓபரா பாடகி ப்ரெட்டி யெண்டே பீட் ரெட்டீஃப் என்ற ஊரில் பிறந்தவர். பதினாறு வயதில் ஒரு விமான நிறுவன விளம்பரத்தில் கேட்ட பாட்டுதான் அவரை இழுத்தது. 2011இல் மாஸ்கோவில் நடந்த ஓபராலியா போட்டியில் வென்றார். 2013இல் மெட்ரோபாலிட்டனில் முதல் நாள் மேடையில் தடுக்கி விழுந்து, எழுந்து பாடினார். அந்த விளம்பரப் பாட்டு எந்த ஓபராவில் வருகிறது தெரியுமா? 'லக்மே'. கதை நடப்பது இந்தியாவில். நாயகி ஓர் அர்ச்சகர் மகள், பெயர் லட்சுமி என்பதன் பிரெஞ்சுத் திரிபு. யாருடைய சொத்து என்று இப்போது பங்கு பிரிக்கலாம், வாருங்கள்.

தமிழ் வகுப்பு நேரத்தில் காட்டியிருக்க வேண்டாம் என்பவர்களுக்கு: இருக்கலாம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் முக்கால் மணி நேரம் நிர்வாகக் குழு வரவேற்புரைக்குப் போகும் வாரங்களில் யாரும் குரல்பதிவு போடுவதில்லை.

தூய தமிழ்ப் பண்பாடு என்கிறீர்கள். ஐஸ்டெட்ஃபாட் வேல்ஸ்காரர்களின் சொல், அண்ணா. ஒவ்வொரு விழாவிலும் நீங்கள் கம்பீரமாகத் தொடங்கிவைக்கிறீர்களே சிவபுராணம், அதன் கடைசி வரிகளில் என்ன வருகிறது? "சொல்லிய பாட்டின் பொருளுணர்ந்து சொல்லுவார்" என்று. எத்தனை வருடமாகச் சொல்கிறீர்கள்?

உங்கள் பேரன் என் வகுப்பில்தான் இருக்கிறான். படம் முடிந்த பிறகு, இரண்டு வருடமாகப் பாடிவரும் 'பித்தா'வுக்கு என்ன பொருள் என்று கேட்டான். பைத்தியக்காரா என்றேன். "கடவுளையா டீச்சர்?" என்று வாய்விட்டுச் சிரித்தான். பிறகு முழுப் பாட்டையும் கேட்டு எழுதிக்கொண்டான், ஒவ்வொரு சொல்லுக்கு மேலும், பென்சிலால். உங்களிடம் காட்டியிருக்க மாட்டான்.

இனி எந்தப் படமும் காட்டக் கூடாது என்று குழு முடிவெடுத்தால் காட்டவில்லை. அந்த இரண்டாம் பரிசுக் கோப்பை வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். துடைத்துத்தான் வைத்திருக்கிறேன், கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.