யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயரின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு ஏன் கோபம் வருகிறது?

போன கிழமை இன்றைய மேயர் மதிவதனிக்கு எடுத்த வாழ்த்து விழாவில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். காணொளி இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. "யாழ் மாநகர வரலாற்றில் முதல் பெண் முதல்வர்" என்று மேடையில் ஒரு ஐயா முழங்கினார், மண்டபமே கை தட்டியது. நான் எழும்பி, "ஐயா, முதல் ஆள் சரோஜினி யோகேஸ்வரன். 1998" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கு அவர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே, "தங்கச்சி, நல்ல நாளில அந்தக் கதையெல்லாம் ஏன் கிளறுறியள்?" என்று கேட்டார். அதற்கும் கை தட்டினார்கள்.

அன்றிரவிலிருந்து எனக்கு வருகிற செய்திகளில் "துரோகி" என்பதுதான் மரியாதையான சொல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய முதல்வர் மதிவதனி அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2025 ஜூனில் அவர் தெரிவானபோது சந்தோசப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அவர் தன்னை முதல் ஆள் என்று சொல்லவும் இல்லை. சொன்னது மேடைப் பேச்சாளர். அவருக்கு முன்பு 2009இல் யோகேஸ்வரி பற்குணராசா இருந்தார், ஐந்து வருசத்துக்குக் கிட்ட அந்தக் கதிரையில் இருந்தார். அவருடைய கட்சியின் அரசியல் எனக்குப் பிடிக்காது, ஆனால் அதற்காக அவர் இருக்கவில்லை என்று ஆகிவிடாது. அவருக்கும் முன்பு, 1998இல், சரோஜினி யோகேஸ்வரன். ஆக மூன்று பேர். மூன்று பெயரை வரிசையாகச் சொல்ல ஒரு மூச்சு போதும்.

சரோஜினி யார் என்று இளம் பிள்ளைகள் சிலர் உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1977இல் யாழ்ப்பாணத் தொகுதியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் எம்பியாக வென்ற வெ. யோகேஸ்வரனின் மனைவி அவர். 1981 மே 31, நாச்சிமார் கோயிலடிக் கூட்டத்தில் பொலிஸ்காரர் சுடப்பட்ட பிறகு ஊரில் நடந்த வெறியாட்டத்தில் நூலகம் எரிந்ததை எல்லாரும் சொல்வார்கள். அதே நாட்களில் யோகேஸ்வரனின் வீட்டையும் கொளுத்தினார்கள். அதை இப்போது யாரும் சொல்வதில்லை. 1989 ஜூலை 13, கொழும்பு புல்லர்ஸ் வீதி வீட்டில் கூட்டணித் தலைவர்களில் ஒருவரான அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் பேச வந்த புலிகளாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வீட்டில்தான் சரோஜினியும் குடியிருந்தார். வீட்டை அரசின் ஆட்கள் எரித்தார்கள், புருசனைச் சொந்த இனத்துப் பொடியள் கொன்றார்கள். இரண்டையும் கண்ட ஒரு மனுசி யாழ்ப்பாணப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் இருந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

அவர் திரும்பி வந்தார். தேர்தலில் நின்றார்.

எந்த யாழ்ப்பாணத்துக்கு வந்தார் என்று யோசித்துப் பாருங்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் ஒரே இரவில் செம்மணிப் பாதையால் மழைக்குள்ளால் நாங்கள் எல்லாரும் வெளிக்கிட்டோம். டிசம்பரில் ஆமி நகரத்தைப் பிடித்தது. 96இல் திரும்பி வந்தபோது கோட்டைப் பக்கத்தில் மாநகர சபைக் கட்டடம் கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. நூலகம் கூரை இல்லாமல் கரி பிடித்து நின்றது. சுவர்களில் மரம் முளைத்திருந்தது. தெற்குக்குப் போகிற ஏ9 பாதை இல்லை, சாமான் எல்லாம் கப்பலில்தான். பதினைந்து வருசத்துக்குக் கிட்ட மக்கள் தெரிவு செய்த சபை ஒன்று அந்த ஊருக்கு இருக்கவில்லை. 1998 ஜனவரி 29 தேர்தல் வந்தது. நிற்காதே என்று புலிகள் எச்சரித்திருந்தார்கள். நிற்கிறவருக்கு என்ன நடக்கும் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1975இல் மேயர் துரையப்பாவை வரதராசப் பெருமாள் கோயில் வாசலில் சுட்ட ஊர் இது.

அந்தத் தேர்தலில் வந்து, அந்த இடிபாட்டுக்கு முதல்வரானார். நாலு மாதம் நிறையவில்லை. 1998 மே 17, வீட்டுக்கு வந்து சுட்டார்கள். "சங்கிலியன் படை" என்ற பெயரில் உரிமை கோரினார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று ஊருக்குத் தெரியும். இப்போது எனக்கு எழுதுகிறவர்களுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இந்தக் கோபம்.

அவருக்குப் பிறகு அந்தக் கதிரையில் இருந்த சட்டத்தரணி பொன். சிவபாலன், அதே வருசம் செப்டெம்பர் 11இல் மாநகர சபை அப்போது இயங்கின கட்டடத்தில் போக்குவரத்து ஒழுங்கு பற்றிக் கூடிக் கதைத்துக்கொண்டிருந்தபோது குண்டு வெடித்துச் செத்தார். ஒரே வருசத்தில் இரண்டு மேயர். பிறகு மேயராக வந்த ரவிராஜ் 2006இல் கொழும்பில் நடு றோட்டில் சுடப்பட்டார். ரவிராஜை நினைவுகூருகிறோம், நல்லது, வேண்டும். அவரைக் கொன்றவர்கள் வேறு பக்கம் என்பதால் அது சுலபமாக இருக்கிறது. சரோஜினியை நினைவுகூர எங்களுக்கு வாய் வரவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: யார் கொன்றார்கள் என்று பார்த்து நாங்கள் அழுகிறோம்.

எனக்கு எழுதினவர்கள் சொன்னதற்கும் பதில் சொல்கிறேன்.

"ஆமியின்ர துவக்குக்குக் கீழ நடந்த தேர்தல், அது ஒரு தேர்தலா?" சரி. வாக்களித்தவர்கள் கொஞ்சப் பேர்தான், மறுக்கவில்லை. சுதந்திரமான தேர்தல் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் ஊருக்குள் குப்பை அள்ள வேண்டும், வாய்க்கால் துப்புரவாக்க வேண்டும், சந்தைக் கடைக்காரருக்கு இடம் பிரித்துக் கொடுக்க வேண்டும், தோட்டிகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் ஆமிப் பெரியவரிடம் போய்க் கேட்பதைவிட எங்கள் மொழி பேசுகிற ஒரு மனுசியிடம் கேட்கலாம் என்று நினைத்த சனமும் இருந்தது. அந்தச் சனமும் தமிழ்ச் சனம்தான். அதுவும் போகட்டும், தேர்தல் பிழை என்றால் வாக்குப் போடாமல் இருக்கலாம். ஒரு கைம்பெண்ணை வீட்டுக்குள் வந்து சுடலாமா?

"புருசன்ர பெயரால வந்தவதானே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, அந்தப் பெயரால் அவருக்குக் கிடைத்தது எரிந்த வீடும் பிணமும்.

"நீங்கள் மாவீரரைக் கொச்சைப்படுத்துறியள்." இதுதான் எனக்கு ஆகவும் வலித்தது. என் அக்காவின் மூத்த மகன் 2009இல் திரும்பி வரவில்லை. மே மாதம் அவன் பெயரில் கஞ்சி காய்ச்சுகிறோம், பதினெட்டாம் தேதி விளக்கு வைக்கிறோம். வாய் பேசாமல் அக்கா அந்தத் தணலுக்கு முன்னால் இருப்பதை ஒவ்வொரு வருசமும் பார்க்கிறவள் நான். எனக்கு இழப்பு என்றால் என்ன என்று நீங்கள் சொல்லித் தர வேண்டாம். மே 18இல் அழுகிற எனக்கு மே 17இல் அழவும் உரிமை இருக்கிறது. முதல் நாள்தானே. அந்த ஒரு நாளைத் தாண்டித்தானே அடுத்த நாளுக்கு வருகிறோம்.

இனி என் வீட்டுக் கதை. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

98இல் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தச் செய்தி வந்த பின்னேரம் கிணற்றடியில் அம்மாவும் பக்கத்து வீட்டு அன்ரியும் நின்றார்கள். அன்ரியின் கையில் பாதி அலசின சட்டை, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "பொம்பிளையைக் கூட விடேல்லை" என்று அன்ரி சொன்னார். அம்மா உடனே வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தார், யாரும் கேட்டார்களோ என்று. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

இருபது வருசம் போனது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீதம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. கட்சிக்காரர்கள் பெண் வேட்பாளரைத் தேடி வீடு வீடாக அலைந்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு கட்சி வந்தது. அது எது என்பது இங்கே தேவையில்லை. "ரீச்சர், நீங்கள் நில்லுங்கோ, நாலு சனத்துக்குத் தெரிஞ்ச ஆள்" என்றார்கள். எனக்கு ஆசை இருந்தது. எங்கள் ஒழுங்கையில் மாரிக்கு முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும், அதற்கு எழுதின கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. உள்ளுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அம்மா முறத்தில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வேண்டாம் பிள்ளை. சரோஜினிக்கு நடந்தது மறந்து போச்சோ உனக்கு?"

இருபது வருசத்தில் அம்மா அந்தப் பெயரை வாய் விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். நான் நிற்கவில்லை.

எத்தனை வீட்டில் எத்தனை அம்மாமார் இதையே சொல்லியிருப்பார்கள்? "எங்கட பெண்கள் அரசியலுக்கு வரப் பயப்பிடுகினம், முன்வர வேணும்" என்று அந்த ஐயாதான் அதே மேடையில் பத்து நிமிடம் பேசினார். ஏன் பயப்படுகிறார்கள் என்பதைக் காட்டுகிற பெயரை நான் எழும்பிச் சொன்னபோது கிளறாதே என்கிறார். பயத்தை வைத்தவர்கள் யார் என்று கேட்கக் கூடாது, பயப்படுகிறவள்தான் திருந்த வேண்டும். இது என்ன நியாயம் ஐயா? ரஜனி திரணகமவை 1989இல் சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டார்கள். பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்த மனுசி, இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். அதையும் கிளறக் கூடாது. பிறகு பெண்கள் தினத்துக்கு மாலை போட்டுக் கூட்டம் வைக்கலாம்.

"காயத்தைத் திறக்காதேங்கோ, இனத்துக்கு ஒற்றுமை வேணும்" என்று வயதுக்கு மூத்த ஒருவர் தொலைபேசியில் பொறுமையாகச் சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர் சொன்னதில் ஞாயம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிங்களப் பத்திரிகைகள் எங்கள் சாவுகளை எடுத்து எங்களுக்கு எதிராகவே பாவிக்கும் என்பதும் உண்மை. ஆனால் நாங்கள் சொல்லாமல் விட்டதால்தானே அவர்கள் சொல்கிறார்கள். எங்கள் மனுசியை நாங்கள் எங்கள் வாயால் சொல்லியிருந்தால், அந்தச் சாவு அவர்களின் கைக்கு ஏன் போகிறது?

நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. சிலை வேண்டாம், வீதிக்குப் பெயர் வேண்டாம். மாநகர சபையில் இப்போது 45 உறுப்பினர்கள் இருக்கிறீர்கள், அதில் பெண்களும் இருக்கிறீர்கள். வருகிற மே மாத அமர்வில் யாராவது ஒருவர் எழும்பி, இந்தச் சபையின் முதல் பெண் முதல்வர் சரோஜினி யோகேஸ்வரன், பதவியில் இருந்தபோது கொல்லப்பட்டார் என்று பதிவேட்டில் ஏறுகிற மாதிரி ஒரு வசனம் சொல்லுங்கள். எந்தக் கட்சி என்றாலும் பரவாயில்லை. பார்வையாளர் பகுதியில் வந்து இருக்க நான் தயார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

மேடையில் பேசின ஐயா இதை வாசிப்பார் என்று தெரியும், எங்களுக்குப் பொதுவான நண்பர்கள் நிறையப் பேர். ஐயா, நீங்கள் சொன்ன தகவல் பிழை. அடுத்த கூட்டத்தில் திருத்திச் சொல்லுங்கோ.