பிள்ளைகளுக்கும் திரை தெரிய வேண்டாமா?

பெரிய திரையில் மேட்ச் காட்ட "குடும்பத்தோடு வாருங்கள்" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள், பிள்ளைகளும் வருவார்கள் என்று யோசிக்க வேண்டாமா?

2022 டிசம்பர் 18, உலகக் கோப்பை கால்பந்து இறுதிப் போட்டி, அர்ஜென்டினாவும் பிரான்ஸும் மோதின. நம் நேரம் இரவு 8.30க்கு ஆட்டம். சென்னையில் எங்கள் ஏரியா மைதானத்தில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். ஏழு வயது மகளுக்கு அர்ஜென்டினாவின் மெஸ்ஸி என்றால் உயிர். ஆறரைக்கே போய் முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தோம்.

ஆட்டம் தொடங்கியதும் ஒரு கூட்டம் வந்து எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டது. "உட்காருங்க தம்பி, பிள்ளைங்களுக்குத் தெரியல" என்று எத்தனை தடவைதான் சொல்வது? 80, 81ஆவது நிமிடங்களில் பிரான்ஸின் எம்பாப்பே அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டார். அவள் பார்த்தது வெறும் முதுகுகளை. அப்புறம் காது கூசும் கெட்ட வார்த்தைகள், பக்கத்திலேயே சிகரெட் புகை. கழிப்பறையும் கிடையாது, எதிர்வீட்டு அக்காதான் பாவம், கதவைத் திறந்துவிட்டார்.

3-3 என்று பெனால்டி வரை போனபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. தோளில் தூக்கி வைத்துக்கொண்டேன். அர்ஜென்டினா 4-2 என ஜெயித்ததை மட்டும்தான் அவள் ஒழுங்காகப் பார்த்தாள். முன்னால் ஒரு கயிறு கட்டி, "இது சிறுவர்களுக்கு" என்று நான்கு வரிசை ஒதுக்க என்ன பெரிய செலவு ஆகிவிடும்?