கேட் மூடியதும் எல்லோரும் வலது பக்கம்

ரயில்வே கேட் மூடினால் போதும், நம் ஆட்களுக்கு இடது எது வலது எது என்பதே மறந்துவிடும். வரிசையில் நிற்பவன் இளிச்சவாயன். பின்னால் வரும் கார் நேராக வலது பக்கம் ஏறி, கேட்டில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். அதன் பின்னால் ஷேர் ஆட்டோ, மினி லாரி. எதிர்ப்பக்கமும் இதே கதை. கேட் தூக்கியதும் இரண்டு படைகளும் சந்தித்து முட்டிக்கொள்ளும் இடம் எது? தண்டவாளம்!

அப்புறம் கேட் கீப்பரைப் பார்த்து ஓயாத ஹாரன். இன்டர்லாக்கிங் உள்ள இடத்தில் கேட் பூட்டினால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும். சிக்னல் விழுந்த பிறகு அவர் நினைத்தாலும் சட்டென்று திறக்க முடியாது. யாருக்கு அடிக்கிறீர்கள் ஹாரன்?

2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். இன்டர்லாக்கிங்கை எங்கே கட்டாயம் பொருத்த வேண்டும் என்பதற்கான போக்குவரத்து அலகு (ஒரு நாளில் கேட்டைக் கடக்கும் ரயில்களையும் வாகனங்களையும் பெருக்கிப் போடும் கணக்கு) வரம்பை 20,000-லிருந்து 10,000 ஆகக் குறைத்ததே அதற்குப் பிறகுதான். முன்பே குறைத்திருந்தால் யார் கையைப் பிடித்தார்கள்?

மூடிய கேட்டைத் திறந்தால் ரயில்வே சட்டம் 160-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. பைக்கைச் சாய்த்துக் குனிந்து நுழைகிறவரிடம் ஏதாவது சொல்லிப் பாருங்கள். "ட்ரெயின்தான் போயிடுச்சே!" என்பார். அடுத்த தடத்தில் இன்னொன்று வரலாம் என்ற நினைப்பே கிடையாது. ஹெல்மெட் மட்டும் பெட்ரோல் டேங்க் மேல் பத்திரமாக உட்கார்ந்திருக்கும்.