செஞ்சிக்கு ரோப் கார் கேட்பவர்களுக்கு

செஞ்சிக் கோட்டையில் மேலே போக ரோப் கார் இல்லையே என்று குறைப்பட்டு ஒரு தம்பி போட்ட அந்தக் காணொளியைப் பற்றி இனி ஒரு வரியும் எழுதுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமையே முடிவு செய்திருந்தேன். ஆனால் அதன் கீழே நான் இட்ட பின்னூட்டத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து, "முட்டி நன்றாக இருக்கும் திமிர்" என்று தலைப்புக் கொடுத்து ஒருவர் பதிவிட, அதற்கு என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே போய்ச் சிரிப்புக்குறி இட்டிருப்பதை நேற்று இரவு பார்த்தேன். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும் என்பதால் இந்தப் பதிவு.

நான் எழுதியது இவ்வளவுதான்: செஞ்சிக் கோட்டைக்கு ரோப் கார் வேண்டாம், அந்த ஏற்றம்தான் கோட்டை. இதில் திமிர் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று தமிழ் தெரிந்த யாராவது காட்டினால் நன்றாக இருக்கும்.

காணொளியில் அந்தத் தம்பி, கோட்டையின் மூன்று மலைகளில் உயரமான ராஜகிரியின் பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டு, உலகப் பாரம்பரியச் சின்னம் என்கிறார்கள், மேலே போக ஒரு ரோப் கார் கூட இல்லை, தேசிங்கு ராஜா கட்டிய கோட்டைக்கு இதுதான் மரியாதையா என்று கேட்கிறார். தேசிங்கு அந்தக் கோட்டையைக் கட்டவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனந்தக் கோன் என்ற பழைய குறுநிலத் தலைவரின் காலத்திலிருந்து கதை சொல்லப்படும் இடம் அது; விஜயநகரத்துக்குக் கீழிருந்த நாயக்கர்கள் பெரிதாக எடுத்துக் கட்டினார்கள்; பிஜப்பூர் சுல்தான்களிடமிருந்து 1677இல் சிவாஜி பிடித்து மேலும் பலப்படுத்தினார். தேசிங்கு 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி, ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே இறந்துபோன இளைஞர். கல் எடுத்துவைக்க அவருக்கு நேரமே இருக்கவில்லை. இதைச் சொன்னால் நான் வரலாற்று வாத்தியார் ஆகிவிடுகிறேன், சரி, விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மலைமேல் கோட்டை கட்டியவர்கள் வேடிக்கை பார்க்க வருகிறவர்களை நினைத்துக் கட்டவில்லை. வருகிறவன் மேலே வந்துவிடக் கூடாது என்ற ஒரே நோக்கத்தோடு கட்டினார்கள். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். வாயில் தாண்டி வாயிலாக ஏறி, கால் நடுங்கிக்கொண்டு உச்சிக்குப் பக்கத்தில் போய்ச் சேரும்போது, பாறை பிளந்து 24 அடி அகலத்துக்கு ஒரு பள்ளம் எதிரே நிற்கிறது. அதன் ஆழம் 60 அடி என்கிறார்கள். அதன் மேல் ஒரு சிறு பாலம், பாலத்துக்கு அப்பால் ஒரு வாயில். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் கீழே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690இல் வந்து முற்றுகையிட்டவர், கோட்டைக்குள் நுழைந்தது 1698இல். அதற்குள் உள்ளே இருந்த மராத்திய அரசர், சிவாஜியின் மகன் ராஜாராமும் தப்பிப் போய்விட்டார். ஒரு பேரரசின் படையை எட்டு ஆண்டு காக்கவைத்த மலை, வார விடுமுறையில் வந்த நம்மை இரண்டு மணி நேரம் மூச்சு வாங்கவைத்தால் அது குறைபாடாம். புகார் எழுத வேண்டியவர் ஜுல்பிகர் கான். அவருக்கு முகநூல் இல்லை.

கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்து நான்கு நிமிடத்தில் மேலே போய் இறங்கியவருக்கு அந்தப் பள்ளம் வெறும் பள்ளம். தொடை கடுக்க ஏறிவந்தவருக்குத்தான் அது பயமுறுத்தும். அந்தப் பயத்துக்காகத்தான் அங்கே போகிறோம். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உடனே வரும் கேள்விகள் எனக்குத் தெரியும். 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் ஆட்கள் ஒரே இரவில் பிடித்துவிட்டார்களே, எட்டு ஆண்டுப் பெருமை எங்கே போயிற்று என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிடித்தார்கள்தான். ஆனால் அவர்களும் ஏறித்தான் பிடித்தார்கள். பழனியில் இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்கின்றனவே என்று இன்னொருவர். பழனியில் இருப்பவர் எல்லோரும் தன்னை வந்து பார்க்க வேண்டும் என்று நிற்கும் முருகன்; செஞ்சியில் இருந்தவர்கள் யாரும் வந்துவிடக் கூடாது என்று மதில் எழுப்பியவர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைப்பவரிடம் என்ன பேசுவது? யுனெஸ்கோ 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் என்று ஒரே பட்டியலில் சேர்த்த 12இல், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான்; அதே பட்டியலில் இருக்கும் ராய்காட்டில் ரோப் கார் ஓடுகிறதே என்பது மூன்றாவது கேள்வி. ஓடுகிறது. அதற்காக நாமும் ஓட்ட வேண்டுமா என்ன? பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானமே கூடாது என்று 2010இல் சட்டத்தைத் திருத்தி எழுதி வைத்திருப்பதை யாராவது எடுத்துப் படித்தால் தேவலை.

வயதானவர்கள், நடக்க இயலாதவர்கள் என்ன செய்வார்கள்? இதுதான் என்னைத் திமிர் பிடித்தவனாக்கிய கேள்வி. இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று நினைத்துத்தான் அத்தனை பேர் சிரித்திருக்கிறார்கள்.

என் அப்பாவைச் செஞ்சிக்கு அழைத்துப் போனபோது அவருக்கு அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், கமலக்கண்ணி அம்மன் கோயில் வரை ஏறிவிட்டார். அங்கே நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்து, ஒரு குரங்கு என் பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, எங்கள் கண்ணெதிரே நிதானமாகப் பிரித்துத் தின்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நீ போய்ட்டு வா, மேல என்ன இருக்குன்னு வந்து சொல்லு" என்றார். நான் போய்விட்டு இறங்கிவந்து பாலத்தைச் சொன்னேன், பீரங்கியைச் சொன்னேன், ரங்கநாதர் கோயிலைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "அவ்வளவு உயரத்துல தண்ணிக்கு என்ன பண்ணாங்க?" சுனைகளைப் பற்றியும், கீழே இருக்கும் கல்யாண மகால் என்ற மாளிகைக்கு வெளியிலிருந்து சுட்ட மண் குழாய்களில் தண்ணீர் கொண்டுவந்ததைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அன்று பிற்பகல் முழுவதும் கீழே கல்யாண மகாலின் நிழலில் உட்கார்ந்து அந்தக் குழாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ரோப் கார் இல்லையே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லோரும் உங்கள் அப்பாவைப் போல இருக்க மாட்டார்கள் என்பீர்கள். உண்மைதான். சக்கர நாற்காலியில் வருகிறவரிடம் போய், கஷ்டப்படுவதுதான் அனுபவம் என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் அவருக்காகக் கேட்பதாகச் சொல்பவர்கள் ஏன் முதலில் மலை உச்சியைக் கேட்கிறார்கள்? கீழ்க்கோட்டையிலேயே கல்யாண மகால், களஞ்சியம், குளங்கள், வேங்கடரமணர் கோயில் என்று ஒரு பகல் போதாத அளவு இருக்கிறது. அங்கெல்லாம் நாற்காலி உருளும்படி சமமான பாதை, நிழலில் உட்கார இருக்கை, நல்ல குடிநீர், கதவு சாத்தும் கழிப்பறை வேண்டும் என்று கேளுங்கள். நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன். அதை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டால் காணொளிக்குப் பார்வைகள் கிடைக்காது போலும்.

ஒரே நாளில் மூன்று மலையும் பார்க்க நேரம் இல்லை என்பதற்கெல்லாம் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு நாளுக்கு ஒரு மலை போதும். வெயில் ஏறும் முன்பே தொடங்கி, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, முடிந்த இடம் வரை ஏறி, முடியாத இடத்தில் உட்கார்ந்தால் அதுவும் கோட்டையைப் பார்த்ததாகத்தான் கணக்கு. என் அப்பா அப்படித்தான் பார்த்தார். போன ஆண்டு இறப்பதற்குச் சில வாரங்கள் முன்புகூட, செஞ்சியைப் பற்றிய செய்தி ஏதோ தொலைக்காட்சியில் ஓடியபோது, நான் அங்கே போயிருக்கிறேன் என்று செவிலியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி வரைதான் என்று நான் திருத்தவில்லை.

"முட்டி நன்றாக இருக்கும் திமிர்" என்று எழுதியவர் இன்று காலை அந்தப் பதிவை அழித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். திரைப்பிடிப்பு எடுக்கும் பழக்கம் எனக்கும் உண்டு என்பதை மட்டும் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.