அந்த ஒன்பது மாதம் பழைய கணக்கு
நான்காம் கட்ட மெலனோமா, அதாவது உடலில் பரவிவிட்ட தோல் புற்றுநோய் என்றால் ஆயுள் ஒன்பது மாதம்தான் என்று இந்தக் கட்டுரை சொல்வது, புது மருந்துகள் வராத 2011க்கு முந்தைய நிலவரம். அப்போதும் அது கெடு அல்ல. பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள், சிலர் பல வருடம் இருந்தார்கள். நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்துகளான இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் 10 ஆண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்ததாக செக்மேட் 067 ஆய்வு 2024ல் சொன்னது. நானும் இதே நோயாளி, இப்படி ஒரு எண்ணைப் படித்துத் தூக்கம் தொலைத்தவன், அதனால்தான் எழுதுகிறேன். மேலே கருத்து எழுதிய ஒருவர் அந்த 43 சதவீதம் நமக்கும் பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். அப்படியே பொருந்தாதுங்க. ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். நம்மவர்களிடம் அதிகம் காணப்படுவது உள்ளங்கால், நகத்தடி மெலனோமா. அதில் இந்த மருந்துகளின் பலன் குறைவு. உங்கள் மெலனோமா வகை, கட்டியில் பிராஃப் (BRAF) என்ற மரபணுவில் மாற்றம் உண்டா என்பது, ரத்தத்தில் எல்டிஹெச் (LDH) என்ற நொதியின் அளவு மூன்றையும் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.